கன்னத்தில் அதக்கி வைப்பது

நிக்கோடின் சூயிங்கம் பெட்டிக்குள் நாலாக மடித்த தாள் ஒன்று இருக்கும். வாங்குகிறவர்களில் அதைப் பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. பொடி எழுத்தில் போட்டிருப்பதன் சாரம் இவ்வளவுதான்: மெதுவாக மெல்லவும். நாக்கில் காரம் தட்டியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்கவும். காரம் அடங்கியபின் மறுபடி கொஞ்சம் மெல்லவும், மறுபடி ஒதுக்கவும். அரை மணி நேரம் இப்படியே. போடுவதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்தே எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. காபி, ஜூஸ் வகையறா அறவே கூடாது.

இதை என் தாய்மாமாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்ன மாப்ள, வெத்தல போடுறதுக்கு வெள்ளக்காரன் நோட்டீஸ் அடிச்சிருக்கானா?"

கேலிக்குச் சொன்னார். ஆனால் அந்தக் கேலி வரலாற்றுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வருவதற்கு முன் மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் வரிசையாக ஐந்து ஆறுகளைத் தாண்டுவோம்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. நாலாவது ஆற்றங்கரையில் மாமாவுக்குப் பன்னிரண்டு மா நிலம். ஏக்கர் கணக்கில் நாலு. வயது அறுபத்திரண்டு. பதினைந்து வயதில் நாற்றங்காலில் முதல் பீடி. அதன்பிறகு ஒரு நாளைக்கு ஒரு கட்டு, சில நாள் அதற்கு மேலும்.

பீடி அவருக்கு ருசி அல்ல, கடிகாரம். மடையைத் திறந்துவிட்டு முதல் வயல் நிறைய எவ்வளவு நேரம்? ரெண்டு பீடி. ராத்திரி மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று மோட்டார் கொட்டகையில் காத்திருப்பது? மூன்று, நாலு. நடவு ஆட்கள் வந்து சேரும் வரை ஒன்று. அறுவடை மிஷின்காரன் "இந்தா வந்துட்டேன் அண்ணே" என்று போனில் சொன்னபிறகு எத்தனை என்று கணக்கே கிடையாது. நெல் விவசாயம் என்பது பாதி வேலை, பாதி காத்திருத்தல். அந்தக் காத்திருத்தலின் ஓட்டைகளை எல்லாம் பீடிதான் அடைத்துக்கொண்டிருந்தது. இதில் இன்னொரு விஷயம், பீடி சிகரெட் மாதிரி தானாக எரியாது. இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அதனால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒல்லியாக இருக்கிறதே, இலையில் சுற்றியதுதானே, சிகரெட்டைவிடத் தேவலாம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நிக்கோடினிலும் கார்பன் மோனாக்சைடிலும் பீடி சிகரெட்டுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை.

போன ஆடியில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்சார்ஜ் அன்று டியூட்டி டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இது சாப்பாட்டுக்கு முன், இது பின், இதை ஒருநாள்கூட விடக்கூடாது என்று பத்து நிமிஷம் பொறுமையாகச் சொன்னார். எழுந்து போகும்போது, "பீடிய விட்டுருங்க பெரியவரே" என்றார். அதற்கு ஆனது நாலு விநாடி. மாமாவும் "சரிங்க" என்றார். எப்படி விடுவது என்று அவர் சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

பதினோரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் மோட்டார் கொட்டகையின் விட்டத்தில் எப்போதோ செருகி வைத்த பாதிக்கட்டு அகப்பட்டது. அத்தைதான் எனக்குப் போன் செய்தார். "தம்பி, நீ சொன்னாத்தான் கேப்பாரு. நான் சொன்னா கொல்லப்பக்கம் போயி குடிச்சிட்டு வர்றாரு."

நான் சொன்னால் கேட்பார் என்று அத்தை நினைத்ததற்குக் காரணம் உண்டு. நானும் புகைப்பவனாக இருந்தவன். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பின்புறம், டீக்கடைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே நின்று ஏழு வருஷம் புகைத்தேன். பாதி புரொடக்‌ஷன் பிரச்சினைகள் அங்கேதான் தீர்ந்திருக்கின்றன. விட்டு நாலு வருஷம் ஆகிறது. மனவலிமையால் விட்டேன் என்று சொல்ல ஆசைதான். சூயிங்கம்மாலும் ஒட்டுப்பட்டையாலும் விட்டேன்.

எங்கள் தொழிலில் லேட்டன்சி என்று ஒரு சொல் உண்டு. பொத்தானை அழுத்தியதற்கும் பதில் வருவதற்கும் இடைப்பட்ட நேரம். நிக்கோடினைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. புகையை உள்ளே இழுத்தால் பத்து இருபது விநாடிக்குள் நிக்கோடின் மூளைக்குப் போய்விடும். சூயிங்கம்மில் அது உச்சத்தைத் தொட அரை மணி நேரம் பக்கம் ஆகும். தோலில் ஒட்டுகிற பட்டைக்குச் சில மணி நேரம். எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறதோ அவ்வளவு தூரம் அந்தப் பொத்தான் பழகிப்போகும். அதனால்தான் சிகரெட்டுக்கு அடிமையானவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், ஒட்டுப்பட்டைக்கு அடிமையானவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரெண்டிலும் இருப்பது ஒரே நிக்கோடின்.

கொல்வது அந்த நிக்கோடின் இல்லை என்பதுதான் இந்த வைத்தியத்தின் அடிப்படை. ஆளைக் கட்டிப்போடுவது நிக்கோடின். நுரையீரலையும் ரத்தக்குழாயையும் கெடுப்பது எரிகிற இலையிலிருந்து வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற நூற்றுக்கணக்கான சரக்கும். லண்டனில் மைக்கேல் ரசல் என்ற மனநல மருத்துவர் 1970களிலேயே இதை அழுத்தமாக எழுதிவிட்டார். நிக்கோடின் பாலும் பழமும் இல்லைதான். இதயத் துடிப்பைக் கூட்டும், பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ஆனால் ஒரு கட்டு பீடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கணக்கு வேறு.

இப்போது மாமாவின் கேலிக்கு வருகிறேன்.

1967-ல் சுவீடனில் லண்ட் நகரத்து ஆய்வாளர் க்ளாஸ் லுண்ட்கிரென், ஹெல்சிங்போரியில் லியோ என்ற மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த ஓவ ஃபெர்னோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாது. அங்கே போகிற புகைப்பழக்கக்காரர்கள் வாயில் அதக்கும் புகையிலைக்கு மாறிவிடுகிறார்கள், அதில் அவர்களுக்குத் தவிப்பு அடங்குகிறது. அப்படியானால் நிக்கோடினை மட்டும் வாய் வழியாகக் கொடுத்தால் என்ன? இதுதான் கடிதத்தின் விஷயம். ஃபெர்னோ அதை எடுத்துக்கொண்டு பத்து வருஷம் மல்லுக்கட்டினார். 1978-ல் சுவிட்சர்லாந்து முதலில் அனுமதித்தது, 1984-ல் அமெரிக்கா.

அந்தப் பத்து வருஷத்தில் அவரைப் படுத்திய சிக்கல்களில் ஒன்று சுவாரஸ்யமானது. வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோடின் கன்னத்தின் தோல் வழியாக உள்ளே போகாது, எச்சிலோடு வயிற்றுக்குப் போய் வீணாகும். காரத்தன்மை ஏறினால்தான் போகும். அதனால் கம்முக்குள் சோடா உப்பு வகையில் ஒன்றைச் சேர்த்தார்கள். உடனே வேலை செய்தது.

என் அம்மாயி எந்தக் கடிதமும் படிக்காமல் இதைச் செய்துகொண்டிருந்தது. இடுப்பில் சுருக்குப்பை. அதில் கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை, தஞ்சாவூர்ச் சீவல், ஒரு துண்டு புகையிலை, சின்ன அலுமினிய டப்பாவில் சுண்ணாம்பு. வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பைத் தடவி, மடித்து, ரெண்டு கடி கடித்து, கன்னத்தில் அதக்கிக்கொண்டு நாற்றுப் பறிக்கக் குனிந்தால் ஒரு மணி நேரத்துக்கு நிமிராது. அந்தச் சுண்ணாம்பு வெறும் ருசிக்கானதில்லை. கம்முக்குள் இருக்கும் உப்பு செய்கிற வேலையை அது செய்தது. மெல்லு, நிறுத்து, ஒதுக்கு என்கிற பாடத்தில் டெல்டாக்காரனுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. எங்கள் மொழியிலேயே அதற்குத் தனி வினைச்சொல் இருக்கிறது.

இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. பீடியை விட்டவர்கள் எங்கள் பக்கம் பெரும்பாலும் போய்ச் சேருமிடம் புகையிலைதான். "பீடிய விட்டுட்டேன், இப்ப வெறும் வெத்தலதான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். புகை போய்விட்டது உண்மை. வந்து உட்கார்ந்திருப்பது வாய்ப் புற்றுநோயின் நேர்ப்பாதை. புகையிலையில்லாத வெறும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வகைப்படுத்திவிட்டது. சீவலைப் பற்றி இப்படி எழுத ஒரு தஞ்சாவூர்க்காரனுக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. 2016–17-ல் எடுத்த பெரிய கணக்கெடுப்பில் இந்தியாவில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்தினார்கள். புகைப்பவர்கள் 10.7. வாயில் போடுபவர்கள் அதைப்போல் ரெண்டு மடங்கு, 21.4. நாட்டுக்கே குறைந்த பழக்கம் தமிழ்நாட்டில் முந்தைய கணக்கெடுப்பைவிடக் கூடி, 16.2லிருந்து 20 ஆனது. 2013-லேயே குட்காவைத் தடை செய்த மாநிலம் இது. பள்ளிக்கூட வாசலில் உதட்டுக்குள் செருகுகிற பொட்டலங்கள் கிடைப்பது வாசகர்களுக்குத் தெரியாததில்லை.

அதனால் மாமாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: அதக்குவது அம்மாயி வழி, அதக்குகிற சரக்கு வேறு.

ரெவ்யூவுக்குப் போனபோது இன்னொரு டாக்டர் இருந்தார், இளைஞர். மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. நிக்கோடின் கம் கொடுக்கலாமா என்று கேட்டேன். "கொடுக்கலாம். பீடிய விட அது எவ்வளவோ மேல்" என்றவர், மாமாவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"காலைல எழுந்திருச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடிங்க?"

"எழுந்திரிக்கிறதே அதுக்குத்தாங்க."

எழுந்து அரை மணிக்குள் பற்ற வைப்பவருக்கு 2 மில்லிகிராம் கம் போதாது, 4 வேண்டும். 2 சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4-க்குச் சீட்டு வேண்டும். எழுதிக் கொடுத்தார். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022-லிருந்தே நிக்கோடின் மாற்றுச் சிகிச்சை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. பட்டியல் வேறு, மெடிக்கல் ஷாப் அலமாரி வேறு. 4 மில்லிகிராம் கேட்டு நாலு கடை ஏறினோம். ஒரு கடையில் "அது போதை மருந்தா சார்?" என்று கேட்டார்கள். கடைசியில் கீழவாசல் பக்கம் ஒரு கடைக்காரர் ரெண்டு நாளில் வரவழைத்துத் தந்தார்.

விலையையும் சொல்ல வேண்டும். ஒரு பட்டை நூறு ரூபாயைச் சுற்றி. ஒரு கட்டு பீடி அதில் கால் பங்கு இருக்கும். போதாததற்கு 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பீடிக்கான வரியை 28லிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவெடுத்தது. பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பைக் காரணம் சொல்வார்கள். அந்தப் பிழைப்பு நிஜம், அவர்களுக்குக் கிடைக்கிற கூலியும் எல்லாருக்கும் தெரிந்ததே. மாமாவைக் கேட்டால், "எனக்கு வைத்தியம் பாக்குறதுக்குக் கம்மிய பண்ணலாம்ல" என்கிறார்.

முதல் வாரம் விக்கல். விடாமல் விக்கல். சூயிங்கம் என்ற பெயரே இதற்குக் கேடு. பபிள்கம் மாதிரி மடமடவென்று மென்று விழுங்கிவிடுவார்கள். நிக்கோடின் வயிற்றுக்குப் போய் நெஞ்செரிச்சல், விக்கல், குமட்டல். "இது நமக்கு ஒத்துக்கல" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். கம்மைக் கைவிட்டவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் கைவிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆபீசில் நான் பார்த்தவரை அப்படித்தான். மாமா ரெண்டாம் நாளே அதைச் சரிசெய்துவிட்டார். அம்மாயியை நினைத்துக்கொண்டு மென்றாராம்.

காபிதான் பிரச்சினை. காலையில் அத்தை போடும் காபி, அது உள்ளே போனதும் பீடி, நாற்பத்தேழு வருஷ ஜோடி. கம்மைக் காபியோடு போட்டால் வாய் புளித்து, சுண்ணாம்பு இல்லாத வெற்றிலையாகிவிடும். அதனால் வரிசையை மாற்றினோம்: எழுந்ததும் கம், அரை மணி கழித்துத் துப்பிவிட்டுக் காபி. முதல் பீடியின் இடத்தில் கம் போய் உட்கார்ந்தது. எழுதும்போது ஒரு வரி. பழக மூன்று வாரம் ஆனது, அதில் ரெண்டு சண்டை, ஒரு டம்ளர் நசுங்கியது.

உரக்கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் மாமா பீடிக்கணக்கு எழுத ஆரம்பித்தார். ஆவணி முதல் வாரத்தில் இருபத்திரண்டு, இருபது, இருபத்தொன்று. கடைசி வாரத்தில் ஒன்பது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாதிக்கு மேல கொறச்சாச்சுல்ல மாப்ள, பாதி ஆபத்து போச்சு."

இந்த இடத்தில் எனக்குப் பொய் சொல்ல ஆசை வந்தது. ஏனென்றால் கணக்கு அப்படி இல்லை. குறைவாகப் புகைப்பவர்கள் ஒவ்வொன்றையும் ஆழமாக, அடிவரை இழுக்கிறார்கள். உடம்பு தனக்கு வேண்டிய நிக்கோடினை எப்படியாவது வசூலித்துவிடும். இதயத்தின் கணக்கோ இன்னும் மோசம். 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, நாளைக்கு இருபது சிகரெட் பிடிப்பவருக்கு மாரடைப்பு ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் கிட்டத்தட்டப் பாதி, நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடுகிறது. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி. நுரையீரல் புற்றுநோய்க்கு எண்ணிக்கை குறைவது கொஞ்சம் பேசும். ரத்தக்குழாய்க்கு அவ்வளவாகப் பேசாது.

சொல்லிவிட்டேன். மாமா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப கொறச்சது வீணா?" என்றார். வீணில்லை. கம்மை வைத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்பவர்களில் பலர் விடுவதுவரை போகிறார்கள் என்று ஆய்வுகள் இருக்கின்றன. குறைப்பது வழி, தங்குமிடம் இல்லை. இதைச் சொல்ல எனக்குச் சரியான உவமை கிடைக்கவில்லை. அவரே சொன்னார், "தண்ணிய வடிய விடுற மாதிரி. வடிஞ்சா பத்தாது, காயணும்."

பட்டையைக் கொண்டுவந்தது அதன் பிறகுதான். கம்மும் பட்டையும் சேர்ந்தால் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலை செய்யும். பட்டை நாள் முழுக்க அடிமட்டத்தில் ஒரு அளவைப் பிடித்து வைக்கும், திடீரென்று வரும் தவிப்புக்குக் கம். 21, 14, 7 மில்லிகிராம் என்று வாரக்கணக்கில் இறங்க வேண்டும். தோல் வழியாக நிக்கோடின் போகும் என்பதை ஆராய்ச்சியாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் வயலில் வேலை செய்தவர்கள்தான். பனியில் நனைந்த புகையிலையைப் பறிக்கும் கூலிகளுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவதை 1970-ல் ஃபுளோரிடாவில் பதிவு செய்தார்கள். பச்சைப் புகையிலை நோய் என்று பெயர். கலிஃபோர்னியாவில் முர்ரே ஜார்விக்கும் ஜெட் ரோஸும் அந்தத் தடத்தில் போய், புகையிலையைத் தங்கள் தோலிலேயே வைத்துப் பார்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் பட்டை கடைக்கு வந்தது. வேதாரண்யம் எங்களுக்குத் தூரமில்லை. 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம்தான். வேதாரண்யம் புகையிலைக்குத் தனிப்பெயர் உண்டு. அந்த மணலில் விடிகாலையில் இலை ஒடித்தவர்களுக்கு எத்தனை முறை தலை சுற்றியிருக்கும், எதைக் காரணம் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

மாமாவுக்குப் பட்டை வியர்வையில் உரிந்துகொண்டே இருந்தது. வரப்பில் நடப்பவருக்குச் செய்த பொருளில்லை அது. முண்டா பனியனுக்குள் தோளுக்குப் பின்னால் ஒட்டி ஒருவழியாக நிறுத்தினோம். ராத்திரி கழற்ற மறந்தால் விசித்திரமான கனவு வரும். அறுவடை மிஷின் வீட்டுக் கூடத்துக்குள் வந்து திரும்புவதாகக் கண்டாராம்.

கனவு என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறார். சீனாவின் ஷென்யாங்கில் ஹான் லிக் என்ற மருந்தியலாளர். கடும் புகைப்பழக்கம். அவரும் பட்டையைக் கழற்ற மறந்து தூங்கிக் கெட்ட கனவு கண்டதாகச் சொல்லியிருக்கிறார். பட்டை மெதுவாகத் தருகிறது, சிகரெட் தரும் அந்த அடி இதில் இல்லையே என்ற யோசனையில் 2003-ல் அவர் கண்டுபிடித்ததுதான் இன்றைய மின்சிகரெட். என் பாஷையில், லேட்டன்சியைக் குறைத்தார். இலையை எரிக்காமல் நிக்கோடின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுப்பது.

2017-ல் எங்கள் ஜெனரேட்டர் மூலைக்கு ஒன்று வந்து சேர்ந்தது. லண்டன் புராஜெக்டிலிருந்து திரும்பிய நண்பன் கொண்டுவந்தான். அப்போது தடை இல்லை. நானும் மூன்று மாதம் பயன்படுத்தினேன். உண்மையைச் சொன்னால், நான் முயன்றதிலேயே சிகரெட்டை மறக்கடித்தது அதுதான். மறக்கடித்த அதே காரணத்தால் அது கையிலிருந்து இறங்கவே இல்லை. சிகரெட்டாவது முடியும். இது முடியாது. மீட்டிங்கில், படுக்கையில், எங்கேயும். 2018 செப்டம்பரில் தமிழ்நாடு தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. தயாரித்தாலோ இறக்குமதி செய்தாலோ விற்றாலோ முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இங்கிலாந்து நேர் எதிர்த்திசையில் போனது. அங்கே அரசின் புகைவிடும் மையங்களுக்கு வந்த 886 பேரை வைத்து நடத்திய சோதனை 2019-ல் வெளியானது. ஓராண்டு முடிவில் மின்சிகரெட் வாங்கிக்கொண்டவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். கம், பட்டை வாங்கியவர்களில் 9.9. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதன் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அப்படி விட்டவர்களில் எண்பது சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின்னும் மின்சிகரெட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கம், பட்டைக்காரர்களில் அது ஒன்பது சதவீதம்தான்.

இந்தத் தடையை நான் முழுக்க எதிர்க்கிறவன் இல்லை. மாம்பழ வாசனையில், பென் டிரைவ் வடிவத்தில் வருகிற சாமானைக் கல்லூரிப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும், நானே முப்பது வயதில் அதற்கு மயங்கினேன். என் கோபம் வேறு. பீடிக்கட்டு ஊரில் எல்லாப் பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்குகிறது. சிகரெட் கம்பெனியில் ஆயுள் காப்பீட்டுக் கழகமே பெரிய பங்குதாரர். எரியாத ஒன்றைத் தடுத்துவிட்டோம், சரி. தடுத்த கையோடு, எரிகிறதை விட நினைப்பவனுக்குக் கம்மையும் பட்டையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுவந்து வைத்து, மெல்லச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளையும் உட்கார வைத்திருக்க வேண்டாமா? பாக்கெட்டுகளில் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலும் பேசுகிறார்கள். மாமா அந்த எண்ணை நாற்பது முறை பார்த்திருப்பார், லாட்டரி நம்பர் மாதிரி ஏதோ என்று நினைத்தாராம்.

புரட்டாசியில் குறுவை அறுத்தார்கள். பீடிக்கணக்கு நாலுக்கு வந்திருந்தது. நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டியாயிற்று. அன்று ராத்திரி மழை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். தளர்த்தச் சொல்லி மாநிலம் கேட்கும், டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லை அள்ளிப் பார்க்கும், வருஷா வருஷம் நடப்பதுதான். அதுவரை தார்ப்பாயைப் போர்த்தி, விலக்கி, காயவைத்து, மறுபடி போர்த்தி, குவியலுக்குப் பக்கத்திலேயே படுக்கை. ஒன்பது நாள். நோட்டில் அந்த ஒன்பது நாளும் இப்படி இருக்கின்றன: 6, 9, 11, 14, 17, 17, 19, 15, 16.

நான் சென்னையிலிருந்து போனபோது அங்கே இருபது குவியல்களுக்கு நடுவே எல்லார் கையிலும் பீடி. அதில் ஒருவர் மட்டும் எதற்காகக் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார முடியும்? நான் கம் பட்டையை நீட்டினேன். மாமா வாங்கி, தனக்கு ஒன்று கிழித்துக்கொண்டு, பக்கத்துக் குவியல்காரரிடமும் ஒன்றை நீட்டினார். அவர் வாயில் போட்டு நறநறவென்று மென்றார்.

"மெல்லாதய்யா. வெத்தல மாதிரி அதக்கு" என்றார் மாமா.

இப்போது மாசி. சம்பாவும் அறுத்தாகிவிட்டது, அதற்கும் காத்திருந்தார்கள், ஆனால் மழையில்லை. நோட்டில் தை கடைசியிலிருந்து பூஜ்யங்கள் வருகின்றன, நடுவில் ஒரு 2, ஒரு 1. பட்டை 7 மில்லிகிராமுக்கு இறங்கியாயிற்று. கம் நாளைக்கு ஆறு. கீழவாசல் கடைக்காரர் எங்களுக்காக வரவழைத்த 4 மில்லிகிராம் சரக்கை இப்போது வேறு மூன்று பேர் வாங்குகிறார்கள் என்றார், மூன்றுமே எங்கள் ஊர்க்காரர்கள். அத்தைக்குத்தான் ஒரு மனக்குறை: பீடி நாத்தம் போச்சு சரி, துப்பிய கம்மைத் திண்ணைத் தூணில் ஒட்டி வைக்கிறார் என்று.